சரளைச் சாலைக்குப் புறப்படுமுன்: செல்போன் போதுமா, தனி ஜிபிஎஸ் கருவி வேண்டுமா?

வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ குடியேறி, முதல் காரையும் வாங்கிவிட்ட தமிழர்கள் சில மாதங்களில் நெடுஞ்சாலைகளில் சலிப்படைந்துவிடுகிறார்கள். டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரம், வைல்டு கோஸ்ட் கடற்கரை, காரூ சமவெளி என்று தார் முடிந்து சரளை தொடங்கும் இடங்கள் மீது அவர்களுக்கு ஆசை வருகிறது. அப்போதுதான் இந்தக் கேள்வி எழுகிறது. கையில் இருக்கும் செல்போனே வழிகாட்டப் போதுமா, அல்லது கார்மின் போன்ற தனிக் கருவி ஒன்றை வாங்க வேண்டுமா?

கடைக்குப் போனால் திரையின் அளவையும் விலையையும் பற்றிப் பேசுவார்கள். என் கருத்தில், பின்சாலைப் பயணத்தில் கருவி இரண்டாவது விஷயம்தான். அதற்குள் இருக்கும் வரைபடம் யாரால், எதைப் பார்த்து வரையப்பட்டது என்பதும், அந்த வரைபடம் சிக்னல் இல்லாத இடத்திலும் உங்கள் கையில் இருக்குமா என்பதும்தான் முதல் விஷயம். ஆகவே வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொண்டு, செலவில்லாத படிகளிலிருந்து தொடங்குவோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

"சிக்னல் போனால் ஜிபிஎஸ்ஸும் போய்விடும்" என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. உங்கள் இருப்பிடத்தைக் கணக்கிடும் சிக்னல் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து நேரடியாக வருகிறது. செல்போன் கோபுரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த நடைமுறையை அமெரிக்கா 2000 மே மாதத்தில் கைவிட்டது. அதன்பின், திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண செல்போனும் சுமார் ஐந்து மீட்டருக்குள் உங்கள் இடத்தைச் சொல்லிவிடும். இன்றைய போன்கள் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய இதே போன்ற செயற்கைக்கோள் அமைப்புகளையும் சேர்த்துப் படிப்பதால், இருப்பிடத்தைக் காண்பதில் போனுக்கும் தனிக் கருவிக்கும் கார் ஓட்டுபவர் உணரக்கூடிய வேறுபாடு அனேகமாக இல்லை.

சிக்னல் போகும்போது காணாமல் போவது வரைபடம். இணையத்திலிருந்து துண்டு துண்டாக வந்துகொண்டிருந்த படம் நின்றுபோக, நீலப் புள்ளி மட்டும் வெறும் சாம்பல் திரையில் நகர்ந்துகொண்டிருக்கும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது போனுக்குத் தெரியும். உங்களைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது.

இன்னொரு சிறு வேறுபாடும் உண்டு. இணையம் இருக்கும்போது, செயற்கைக்கோள்களின் தற்போதைய நிலை பற்றிய தகவலை போன் வலைப்பின்னல் வழியாகப் பெற்றுச் சில நொடிகளில் இருப்பிடத்தைக் கண்டுவிடுகிறது. இணையம் இல்லாவிட்டால் அதே தகவலைச் செயற்கைக்கோளிடமிருந்தே மெதுவாகப் படிக்க வேண்டும். ஆகவே சிக்னல் இல்லாத இடத்தில் போனை அணைத்துப் போட்டால், காரை நிறுத்தி, வானம் தெரியும் இடத்தில் ஓரிரு நிமிடம் பொறுத்திருங்கள். மலைச்சரிவின் நிழலில் ஓடும் காருக்குள் அதை அவசரப்படுத்துவதில் பயனில்லை.

போகப்போகும் சாலையைத் தரம் பிரித்துக்கொள்ளுங்கள்

தென்னாப்பிரிக்கச் சாலைகளின் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான். 'என்' என்று தொடங்குபவை தேசிய நெடுஞ்சாலைகள். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் செல்லும் என்-3 அதற்கு எடுத்துக்காட்டு. 'ஆர்' என்பவை மாகாணச் சாலைகள். இங்கேதான் கவனம் தேவை, ஏனெனில் ஓர் ஆர்-சாலை அழகான தாராகவும் இருக்கலாம், கூரான கற்கள் நிறைந்த சரளையாகவும் இருக்கலாம். ஹோவிக்கிலிருந்து புல்வர் வழியாக அண்டர்பர்க் செல்லும் ஆர்-617-இல் சாதாரண கார் நிம்மதியாகப் போகும். சீரிஸுக்கும் கால்வினியாவுக்கும் இடையே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் ஓடும் ஆர்-355-இல் வழியில் ஒரு ஊர்கூட இல்லை, பெட்ரோல் இல்லை, டயர்களைக் கிழிப்பதற்கென்றே பெயர் பெற்ற கற்கள் உண்டு. வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே 'ஆர்'தான். டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் 'பி', 'டி' என்ற எழுத்துகளோடு சிறு பலகைகளைக் காண்பீர்கள். இவை மாகாண, மாவட்டச் சாலைகள். 'டி' என்று பார்த்தால் சரளை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தாராக இருந்தால் மகிழ்ச்சி.

உங்கள் பயணங்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும். பெரும்பாலும் தார்ச்சாலை, கடைசி பத்து இருபது கிலோமீட்டர் மட்டும் சரளை என்பது முதல் வகை. மலையடிவார விடுதிகளுக்கான பயணங்கள் பெரும்பாலும் இப்படித்தான். நாள் முழுவதும் சரளை, வழியில் சிக்னல் விட்டு விட்டு வரும் என்பது இரண்டாம் வகை. பட்டென்சிக்கும் வில்லோமோருக்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர் நீளும் பாவியான்ஸ்க்ளூஃப் போல, ஆற்றைக் கடக்க வேண்டிய, மணிக்கணக்கில் சிக்னலே இல்லாத வழிகள் மூன்றாம் வகை. முதல் வகைக்குத் தனிக் கருவி வாங்குவது வீண் செலவு. இரண்டாம் வகைக்கு, நன்றாகத் தயார் செய்த செல்போன் போதும். மூன்றாம் வகைக்கு ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் போவீர்கள் என்றால்தான் தனிக் கருவியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உங்கள் சிம் எந்த நிறுவனத்துடையது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். வோடாகாம், எம்டிஎன் இரண்டும் தங்கள் சிக்னல் எல்லை வரைபடங்களை வெளியிடுகின்றன. போகும் வழியை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். ஆனால் அந்தப் படத்தில் நிறம் பூசியிருப்பதாலேயே சிக்னல் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மின்வெட்டு நேரத்தில் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்தால் அந்தப் பகுதி முழுவதும் ஊமையாகிவிடும். பேட்டரியே களவு போன கோபுரங்களும் உண்டு.

செல்போனைத் தயார் செய்யும் முறை

வேஸ் செயலியை நகரத்தில் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். கேமரா, விபத்து, நெரிசல் எல்லாம் அதில் தெரியும். ஆனால் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைக்கும் வசதி அதில் இல்லாததால், பின்சாலைக்கு அதை நம்பிப் போகக் கூடாது. கூகுள் மேப்ஸில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துப் பதிவிறக்கலாம். சதுரத்தை இழுக்கும்போது போகும் இடத்தை மட்டும் அடைக்காமல், வழி தவறினால் போய்ச் சேரக்கூடிய பக்கத்து ஊர்களையும் உள்ளே கொண்டுவாருங்கள். பதிவிறக்கிய பகுதிக்குக் காலாவதி தேதி உண்டு என்பதால், புறப்படும் வாரத்தில் அதை ஒருமுறை புதுப்பித்துவிடுங்கள். இணையமில்லாத நிலையில் கூகுள் கார் வழியைச் சொல்லும். ஆனால் நெரிசலையோ மாற்று வழிகளையோ காட்டாது.

கூகுளோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்பதே என் அறிவுரை. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தின் மீது இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்ம்அண்ட் செயலிகளில் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்கானிக் மேப்ஸில் மாகாணம் மாகாணமாக முழு வரைபடத்தையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதன் வழி அமைப்புகளில் மண் சாலைகளைத் தவிர்க்கச் சொல்லும் தேர்வு இருக்கிறது. சாதாரண கார் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு பொத்தானே பெரிய உதவி. ஆஸ்ம்அண்டில் நீங்கள் வந்த பாதையைக் கோடாகப் பதிவு செய்யலாம். பிரிவுகள் மலிந்த சரளைப் பாதையில் உள்ளே போகும்போதே அந்தப் பதிவைத் தொடங்கிவிட்டால், மாலையில் வெளிச்சம் மங்கிய பிறகு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே திரும்பி வரலாம்.

கூகுளின் அமைப்புகளில் 'சுங்கச்சாவடிகளைத் தவிர்' என்ற தேர்வைப் புதிதாக வருபவர்கள் சில ராண்டுகளை மிச்சப்படுத்த அழுத்திவைத்து, பிறகு மறந்துவிடுகிறார்கள். என்-3-இல் மூயி ரிவர் சுங்கச்சாவடியைத் தவிர்க்க முனையும் செயலி உங்களை அருகே ஓடும் ஆர்-103-க்குத் தள்ளும். மிட்லண்ட்ஸ் ஊர்களைக் காண விரும்புபவருக்கு அது நல்ல சாலைதான். 1962-இல் நெல்சன் மண்டேலா கைதான இடமும் ஹோவிக் அருகே அதன்மேல்தான் இருக்கிறது. ஆனால் இரவில், மூடுபனியில், குறுக்கே மாடு வரக்கூடிய சாலையில் போக வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்திருக்க மாட்டீர்கள். உங்களுக்காக அந்தப் பொத்தான் முடிவு செய்திருக்கும். பின்சாலைப் பயணத்துக்கு முன் இத்தகைய தேர்வுகள் எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

எல்லாம் இறக்கியானதும் வீட்டிலேயே சோதனை செய்யுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையையும் அணைத்து, செயலியைத் திறந்து, போகும் இடத்தைத் தேடி, வழி கேளுங்கள். வழி வந்தால் அது வழியிலும் வரும். வராவிட்டால், அதைச் சமையலறையில் தெரிந்துகொண்டது நல்லதாயிற்று.

அடுத்தது வெப்பம். கண்ணாடிக்கு மிக அருகில், நேர் வெயிலில், முழு வெளிச்சத்தில் திரையை எரியவிட்டு, சார்ஜும் ஏற்றிக்கொண்டு வழிகாட்டும் போன் தன்னைக் காத்துக்கொள்ள முதலில் திரையை மங்கலாக்கும், பிறகு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், கடைசியில் குளிரும்வரை பயன்படாது. ஐபோனைச் சுற்றுப்புற வெப்பம் 35 பாகைக்குள் இருக்கும்போதே பயன்படுத்தும்படி ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. காரூவின் ஜனவரிப் பகலில், வெயில் படும் கண்ணாடியருகே அந்த எல்லை எளிதில் தாண்டிவிடும். ஆகவே கண்ணாடியில் ஒட்டும் தாங்கியை விட, ஏசி காற்று வரும் துவாரத்தில் மாட்டும் தாங்கியே இங்கே சிறந்தது. போன் குளிர்ந்தும் இருக்கும், பார்வையையும் மறைக்காது. ஆனால் சரளைச் சாலையில் நெளிநெளியாகப் பள்ளம் விழுந்த பகுதிகளில் கார் முழுதும் அதிரும்போது மலிவான தாங்கியின் பிடி தளர்ந்து, போன் மெல்லத் தலைகுனிந்து, ஒரு வளைவில் கால்மிதிக்கடியில் போய் விழும். இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் திருகு வைத்த தாங்கியாகப் பார்த்து வாங்குங்கள். இந்த ஒன்றில் சிக்கனம் வேண்டாம்.

சார்ஜரையும் பாருங்கள். பழைய கார்களின் யுஎஸ்பி துளை தருவது அரை ஆம்பியர்தான். வழிகாட்டும் போன் அதைவிட வேகமாகப் பேட்டரியைக் குடிக்கும். 12 வோல்ட் துளையில் செருகும், இரண்டு ஆம்பியருக்குக் குறையாத சார்ஜரும், அறுந்தால் மாற்ற இன்னொரு கேபிளும் காரிலேயே இருக்கட்டும். ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது இந்நாட்டுச் சாலைப் போக்குவரத்து விதிகளின்படி குற்றம். நகரத்தில் நிறுத்தும்போது போனை மட்டுமல்ல, தாங்கியையும் கழற்றிவிட்டு, கண்ணாடியில் அதன் வட்டத் தடம் பதிந்திருந்தால் துடைத்துவிடுங்கள். உள்ளே ஏதோ இருக்கிறது என்று கண்ணாடியை உடைப்பவனுக்கு அந்தத் தடம் ஒன்றே போதும்.

செயலி சொல்லும் நேரத்தை நம்பாதீர்கள்

வழியைவிட நேரத்தில்தான் செயலிகள் அதிகம் பிழை செய்கின்றன. ஊருக்கு வெளியே பொதுச் சாலையின் வேக வரம்பு 100 கிலோமீட்டர். போதிய வாகனங்கள் ஓடாத சரளைச் சாலையில் உண்மை வேகத்தைக் கற்றுக்கொள்ள வழியில்லாத செயலி, தாராளமாக ஒரு வேகத்தை ஊகித்துக்கொண்டு மணிக்கணக்கைச் சொல்லிவிடுகிறது. நல்ல சரளையில் மணிக்கு 60, மோசமானதில் 30, மலைக் கணவாயில் 20 என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்வார்ட்பர்க் கணவாயிலிருந்து பிரிந்து 'தி ஹெல்' என்று அழைக்கப்படும் காம்காஸ்க்ளூஃப் பள்ளத்தாக்குக்கு இறங்கும் பாதை 40 கிலோமீட்டருக்கும் குறைவுதான். அதற்கு ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். போய் மதிய உணவு உண்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினால் திரும்பும்போது இருட்டிவிடும்.

குரூகர் தேசியப் பூங்காவிலும் இதே கதைதான். உள்ளே தார்ச்சாலையில் 50, சரளையில் 40 என்பது வேக வரம்பு. மாலையில் வாயில் மூடும் நேரம் கண்டிப்பானது. சிங்கத்தைப் பார்க்க நாலு கார்கள் வழியில் நின்றுவிட்டால் எந்தச் செயலியின் கணக்கும் அங்கே உதவாது.

வாகனத்தின் தகுதியும் செயலிக்குத் தெரியாது. ஹிம்வில்லுக்கு அப்பால் லெசோத்தோவுக்கு ஏறும் சானி கணவாய் திரையில் மற்றச் சாலைகளைப் போலவே ஒரு கோடாகத்தான் தெரிகிறது. அது சுமார் 2,870 மீட்டர் உயரத்துக்கு வளைந்து வளைந்து ஏறுகிறது. அடிவாரத்திலுள்ள தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியைத் தாண்ட நான்கு சக்கர இயக்க வாகனம் கட்டாயம். சாதாரண காரில் வந்தவர்களை அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாஸ்போர்ட் இல்லாதவரும் அப்படியே. சாவடி மாலை 6 மணிக்கு மூடும். வாடகைக் காராக இருந்தால் எல்லை கடக்க நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் தேவை. சரளையில் ஏற்படும் டயர் சேதத்தைப் பல வாடகை ஒப்பந்தங்கள் காப்பீட்டில் சேர்ப்பதில்லை என்பதையும் கையெழுத்திடுமுன் படித்துப் பாருங்கள்.

ஆள்கூறும் ஊர்ப் பெயரும்

பண்ணை விடுதிகளுக்குப் பெரும்பாலும் தெருமுகவரி இராது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து வந்தவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது, நாம் இப்போது பூமத்தியரேகைக்குத் தெற்கே இருக்கிறோம் என்பது. டர்பன் நகரம் மைனஸ் 29.86, 31.02. அந்த மைனஸ் குறியை விட்டுவிட்டு எண்களை மட்டும் இட்டால் செயலி உங்களை எகிப்துக்கு அழைத்துச் செல்லும். கெய்ரோவுக்குத் தெற்கே, சக்காரா பிரமிடுகளுக்கு மேற்கேயுள்ள பாலைவனம் அது. இந்தப் பிழை உடனே கண்ணில் படும் என்பதால் ஆபத்தில்லை.

ஆபத்தானது அடுத்த பிழை. 29 பாகை 35.5 நிமிடம் தெற்கு என்று விடுதிக்காரர் எழுதியிருப்பதை 29.355 என்று தட்டச்சு செய்பவர்கள் பலர். ஒரு பாகைக்கு அறுபது நிமிடம் என்பதால் 35.5-ஐ அறுபதால் வகுக்க வேண்டும். சரியான எண் 29.592. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 26 கிலோமீட்டர் தூரம். இரண்டும் அதே மலைத்தொடரில், அதே போன்ற பண்ணைகளுக்கிடையில் விழும் என்பதால், தவறான வாயில் முன்னே போய் நிற்கும்வரை சந்தேகமே வராது. எண்களை இட்டதும் அந்தப் புள்ளி விடுதிக்காரர் சொல்லும் சாலையின் மேல்தான் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, அதைச் செயலியில் சேமித்துவையுங்கள். இணையமில்லாமல் தேடும்போது பெயர்கள் கிடைக்காமல் போகலாம். சேமித்த புள்ளி அங்கேயே இருக்கும்.

ஊர்ப் பெயர்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. போர்ட் எலிசபெத் 2021-இல் கெபெர்ஹா ஆயிற்று; கிரஹாம்ஸ்டவுன் 2018-இல் மகாண்டா ஆயிற்று. நம்மவர்கள் தலைமுறைகளாக வாழும் ஸ்டாங்கர், குவாடுகுசா என்றும், டோங்காட், ஓதோங்காதி என்றும் பலகையில் இருக்கும். டர்பன் நகருக்குள்ளேயே பெரியவர்கள் இன்னும் கிரே தெரு என்று சொல்லும் தெருவின் பெயர் டாக்டர் யூசுப் தாது தெரு. புதுப்பிக்காத பழைய கருவியில் பழைய பெயர்தான் கிடைக்கும். சாலைப் பலகையில் புதிய பெயர் நிற்கும். புறப்படுமுன் இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது சிரமமான வேலையல்ல.

தனிக் கருவி எப்போது தகும்

மூன்றாம் வகைச் சாலைகளில் அடிக்கடி போகிறீர்கள் அல்லது நமீபியா, போட்ஸ்வானா என்று நீண்ட பயணத்துக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் தனிக் கருவிக்குப் பணம் செலவிடலாம். அதன் முதன்மையான காரணம் ட்ராக்ஸ்ஃபார்ஆப்பிரிக்கா என்னும் வரைபடம். ஆப்பிரிக்கப் பின்சாலைகளில் உண்மையாகவே ஓட்டிச் சென்ற பயணிகள் பதிவு செய்து அனுப்பிய பாதைகளைத் தொகுத்து உருவான இதைக் கார்மின் கருவிகளில் ஏற்றிக்கொள்ளலாம். அவர்கள் அங்கே எவ்வளவு வேகத்தில் போக முடிந்தது என்பதிலிருந்தே நேரத்தைக் கணக்கிடுவதால், முன்னே சொன்ன நேரப் பிழை இதில் வெகுவாகக் குறைகிறது. ஒரு சாலை இருக்கிறது என்று சொல்லும் வரைபடத்துக்கும், அதில் ஒருவர் போய் வந்திருக்கிறார் என்று சொல்லும் வரைபடத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்காகத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

மற்ற நன்மைகள் சிறியவை, ஆனால் உண்மையானவை. வெயிலிலும் அதிர்விலும் நாள் முழுவதும் இயங்குவதற்கென்றே கருவி செய்யப்பட்டிருக்கிறது. அழைப்பு வந்தால் வழி மறைவதில்லை. போனின் பேட்டரி, நெருக்கடி அழைப்புக்காக முழுதாக இருக்கும். குறைகளும் உண்டு: தேடும் வசதி போனோடு ஒப்பிட்டால் மந்தம்; வரைபடத்தைப் புதுப்பிப்பது உங்கள் பொறுப்பு; சாதாரணக் கார் கருவிகளின் உள் பேட்டரி ஒரு மணி நேரமளவே தாங்குவதால் காரின் 12 வோல்ட் துளையை விட்டுப் பிரிய முடியாது.

வாங்கியதும் வழிக் கணக்கீட்டுத் தேர்வைப் பாருங்கள். 'குறுகிய தூரம்' என்று இருந்தால் உடனே 'குறைந்த நேரம்' என்று மாற்றுங்கள். இரண்டு கிலோமீட்டரை மிச்சப்படுத்த ஆற்றுப் படுகைக்குள் இறக்கிவிடக்கூடிய தேர்வு அது. மண் சாலையைத் தவிர்க்கும் தேர்வு கார்மினில் இருக்கிறது. தார்ச்சாலைப் பயணத்தில் அதைப் போட்டும், சரளைப் பயணத்தில் எடுத்தும் வைக்க வேண்டும். எடுக்க மறந்தால், பக்கத்துப் பண்ணைக்குப் போக நூறு கிலோமீட்டர் சுற்றச் சொல்லும்.

பழைய கருவியை யாரிடமாவது மலிவாக வாங்குவதானால், அதை வெளியே எடுத்துச் சென்று வானத்தைப் பார்க்க வைத்து, திரையில் வரும் தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் அமைப்பு வாரங்களை 1,024 வரை எண்ணி மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. அப்படி அண்மையில் சுழன்றது 2019 ஏப்ரல் 6-ஆம் தேதி. அதன்பின் மென்பொருள் புதுப்பிக்கப்படாத சில கருவிகள் சுமார் இருபது ஆண்டு பின்னால் போய் நிற்கும். அப்படி நின்றால் வாங்காதீர்கள். 'வாழ்நாள் வரைபடம்' என்று பெட்டியில் எழுதியிருந்தால், அது உங்கள் வாழ்நாள் அல்ல, அந்தக் கருவிக்கு நிறுவனம் ஆதரவு தரும் காலம் என்று பொருள்.

இரண்டும் முரண்பட்டால்

போனும் கருவியும் வேறு வேறு வழி சொன்னால் பெரிய சாலையைச் சொல்வதை எடுங்கள். இரண்டும் ஒரே வழியைச் சொல்லி, எதிரே நிற்கும் பலகை வேறு சொன்னால், பலகையை எடுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசுலு-நேட்டாலில் பல பாலங்களும் சாலைகளும் அடித்துச் செல்லப்பட்டன. இப்படி ஒரு பாலம் போன பிறகும் வரைபடத்தில் அது நெடுநாள் நின்றுகொண்டுதான் இருக்கும். தாழ்வான தரைப்பாலங்கள் மழைக்குப் பிறகு எந்த நேரத்திலும் நீருக்கடியில் போகலாம். நீரின் ஆழம் தெரியாவிட்டால் கடக்காதீர்கள்.

வடகடற்கரையில் வெருலம், டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்குள் இன்னொரு வகைச் சிக்கல் உண்டு. அறுவடை லாரிகளுக்காகப் போட்ட தனியார் பாதைகள் சில வரைபடங்களில் பொதுச் சாலையைப் போலவே வரையப்பட்டிருக்கின்றன. ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்த கரும்புக்கு நடுவே எல்லாச் சந்திப்பும் ஒன்றுபோல இருக்கும். எதிரே வரும் லாரி கடைசி நொடியில்தான் தெரியும். ஏறத்தாழ ஏப்ரல் முதல் டிசம்பர் வரை நீளும் அறுவடைக் காலத்தில் செயலி அங்கே திரும்பச் சொன்னால் திரும்பாமல் நேரே போங்கள். அது தானாக வேறு வழி கணக்கிட்டுக்கொள்ளும். வழி கேட்கவும் தயங்காதீர்கள். எதிரே வரும் பண்ணைக்காரருக்கு நேற்றைய மழையில் எந்தச் சாலை போயிற்று என்பது தெரியும்.

கதவுப் பையில் ஒரு காகித வரைபடம் இருக்கட்டும். மேப்ஸ்டுடியோவின் சாலை வரைபட நூல் பெரிய புத்தகக் கடைகளில் கிடைக்கும். நெருக்கடியில் எந்தச் செல்போனிலிருந்தும் 112-ஐ அழைக்கலாம். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறொரு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அந்த அழைப்பு போகும். எந்தக் கோபுரமும் எட்டாத மூன்றாம் வகைச் சாலையில் தனியாகப் போகிறவர், வழிகாட்டும் கருவியை வாங்குமுன்பே, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் போன்ற சிறு கருவியைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்குத் தனிச் சந்தா உண்டு. புறப்படும் நாளில் எந்தச் சாலையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அதற்குள் அழைப்பு வராவிட்டால் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதை வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கடைசிப் பெட்ரோல் நிலையத்தில் டேங்கை நிரப்புங்கள். அங்கேயே ஸ்டெப்னி டயரின் காற்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.